க்ரூயிசிங் லைசென்ஸ் இருந்தும் மாநிலம் மாநிலமாக ஏன் காசு? அமெரிக்கா வரும் பெரிய யாட்டுகளுக்கு ஒரு பதில்

தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு சீஃப் ஆபீசர் (கப்பலில் கேப்டனுக்கு அடுத்தவர்) இங்கே கேட்டிருக்கிறார். அவர் வேலை பார்க்கும் யாட் (பெரிய உல்லாசப் படகு) 48 மீட்டர் நீளம், 490 கிராஸ் டன் (எடை இல்லை, படகின் உள் கொள்ளளவைச் சொல்லும் அளவு), கேமன் தீவுக் கொடி, அதாவது அங்கே பதிவானது. முதலாளி ஐரோப்பியர், படகு ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கிறது. கரீபியனில் இருந்து ஃப்ளோரிடா, பனாமா கால்வாய் தாண்டி சான் டியாகோ, அங்கிருந்து சியாட்டில், கோடை முழுக்க அலாஸ்கா என்பது திட்டம். அமெரிக்க கஸ்டம்ஸிடம் க்ரூயிசிங் லைசென்ஸ் கிடைத்துவிடும். அதற்கு மேலும் ஒவ்வொரு மாநிலமும் தனியாக பர்மிட், ஃபீஸ் என்று கேட்குமா, எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும், விருந்தாளிகள் மீன் பிடிக்க ஆசைப்படுகிறார்களே அதற்கும் ஏதாவது உண்டா என்பது கேள்வி.

பார்த்தால் கட்டணப் பட்டியல் கேட்பது போல இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று: மத்திய அரசே உள்ளே விட்ட பிறகு மாநிலத்துக்கு என்ன உரிமை இருக்கிறது? நிறைய உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டு நம்பர் வண்டியை பெங்களூரில் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். இந்தியா முழுக்க ஓட்டலாம் என்று ஆர்சி சொல்லும், ஆனால் கர்நாடகாவில் நிரந்தரமாக வைத்துக்கொண்டால் அங்கே சாலை வரி கட்டு என்பார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான். க்ரூயிசிங் லைசென்ஸ் உங்களை நாட்டுக்குள் சுற்ற விடுகிறது. ஒரு மாநிலத்தில் எத்தனை நாள் இருக்கலாம், பைலட் (உள்ளூர் நீர்வழி தெரிந்து கப்பலுக்கு வழிகாட்டுபவர்) ஏற்ற வேண்டுமா, வரி உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இருக்காது.

நான் வணிகக் கப்பலில் இருந்து கரை இறங்கியவன். முதலில் ஃபோர்ட் லாடர்டேலிலும் இப்போது சியாட்டிலிலும் யாட்டுகளுக்கு ஏஜென்ட் வேலை பார்க்கிறேன். காகிதம் தாக்கல் செய்வது, பைலட் பேசுவது, பெர்த் (படகு கட்டும் இடம்) பிடிப்பது என் பிழைப்பு. வக்கீல் அல்ல. வரி விஷயத்தில் படகின் உரிமைப் பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் முடிவாகச் சொல்ல முடியாது, அந்த இடம் வரும்போது அதையும் குறிப்பிடுகிறேன்.

முதலில் லைசென்ஸையே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட சில நாடுகளின் கொடி உள்ள உல்லாசப் படகுகளுக்கு மட்டும்தான் இது கிடைக்கும். அமெரிக்கப் படகுகளுக்கு அதே சலுகை தரும் நாடுகளின் பட்டியல் அது. பிரிட்டனோடு சேர்த்து கேமன் தீவுகளும் அதில் இருப்பதால் உங்களுக்குக் கவலை இல்லை. இந்தியக் கொடி அதில் இல்லை. லைசென்ஸ் அதிகபட்சம் ஒரு வருடம். கையில் இருந்தால் ஒவ்வொரு துறைமுகத்திலும் முறைப்படி என்ட்ரி, கிளியரன்ஸ் (கஸ்டம்ஸில் வருகைப் பதிவு, புறப்பாட்டு அனுமதி) செய்ய வேண்டாம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வந்து சேர்ந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாநிலம் மாறும்போது மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்தது, வருடம் முடிந்ததும் கவுன்டரில் போய்ப் புதுப்பிக்க முடியாது. வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டு, குறைந்தது 15 நாள் இடைவெளி விட்டுத் திரும்பி வந்தால்தான் அடுத்தது தருவார்கள். உங்கள் படகு 300 டன்னுக்கு மேல் என்பதால் கோஸ்ட் கார்டுக்கு 96 மணி நேரம் முன்னதாக வருகை அறிவிப்பும் அனுப்ப வேண்டும். படகில் இருக்கும் யாரும், முதலாளியின் குடும்பம் உட்பட, விசா விலக்குத் திட்டத்தில் வர முடியாது. தனியார் படகில் வருபவர்களுக்கு அது செல்லாது, விசா ஒட்டிய பாஸ்போர்ட்தான் வேண்டும்.

இவ்வளவும் படகு முழுக்க முழுக்க சொந்த உபயோகத்துக்கு என்ற நிலையில்தான். ஒரே ஒரு விருந்தாளியாவது பணம் கொடுத்து வருகிறார் என்றால் கதையே வேறு. வெளிநாட்டுக் கொடியுள்ள படகு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்ல 1886ஆம் ஆண்டு சட்டம் அனுமதிப்பதில்லை. க்ரூயிசிங் லைசென்ஸும் அங்கேயே அடிபட்டுப் போகும். சார்ட்டர் போகும், அதாவது படகை வாடகைக்கு விடும் எண்ணம் முதலாளிக்கு இருந்தால் அதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லைசென்ஸில் இருக்கும் படகை அமெரிக்க எல்லைக்குள் அமெரிக்கவாசிகளுக்கு விற்பனைக்குக் காட்டுவதும் கூடாது. புரோக்கர் உற்சாகத்தில் இணையத்தில் போடும் ஒரு விளம்பரம் கூடச் சிக்கலாகிவிடும்.

இனி மாநிலங்கள். ஃப்ளோரிடாவில் உங்கள் கண்ணில் முதலில் படப்போவது பைலட் பில். நீருக்குள் ஏழு அடி அல்லது அதற்கு மேல் இறங்கும் கப்பல், மாநில லைசென்ஸ் பெற்ற பைலட்டை ஏற்றிக்கொண்டுதான் துறைமுகத்துக்குள் வர வேண்டும், போக வேண்டும், பெர்த் மாற்ற வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஏழு அடி என்பது 2.13 மீட்டர். 48 மீட்டர் மோட்டார் யாட் எதுவும் இதற்குக் கீழே மிதப்பதை நான் பார்த்ததில்லை. அதனால் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, நடுவில் யார்டுக்கு (படகு ரிப்பேர் செய்யும் தளம்) மாறினால் இன்னொன்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொகை துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும், படகின் ஆழத்தையும் டன்னேஜையும் வைத்துப் போடுவார்கள். ஏஜென்டிடம் முன்கூட்டியே எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள்.

ஃப்ளோரிடா வரியைப் பற்றி ஊர் பயமுறுத்தும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. விற்பனை வரியும் உபயோக வரியும் (வேறு இடத்தில் வாங்கியதை இந்த மாநிலத்தில் பயன்படுத்துவதற்கான வரி) 6 சதவீதம்தான். அதிலும் படகுக்கு எவ்வளவு விலையானாலும் 18,000 டாலருக்கு மேல் போகாது என்று 2010இல் உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். புதிதாக வாங்கி ஆறு மாதம் ஆவதற்குள் படகை அங்கே கொண்டுவந்தால்தான் முக்கியமாகக் கேள்வி எழும். கம்பெனியின் பொறுப்பாளர்களில் ஃப்ளோரிடாவாசி யாராவது இருந்தாலும் எழும். பழைய படகு, வெளிநாட்டு முதலாளி, சில வாரம் தங்கல் என்றால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். ரிப்பேருக்கு வந்திருந்தால் யார்டின் வேலை ஆர்டரையும், வேலை தொடங்கிய, முடிந்த தேதிகளையும் பத்திரமாக வையுங்கள். ரிப்பேருக்கு வரும் படகுகளுக்குத் தனி விலக்கு உண்டு, அதற்கு ஆதாரம் அந்தத் தாள்கள்தான்.

கலிஃபோர்னியாவில் உங்கள் தங்கல் குறைவு, ஆனால் படகு 300 டன்னைத் தாண்டியது என்பதால் அங்கே வேலை அதிகம். எண்ணெயைச் சரக்காக ஏற்றாமல் எரிபொருளாக மட்டும் வைத்திருக்கும் கப்பலும் 300 கிராஸ் டன்னோ அதற்கு மேலோ இருந்தால், எண்ணெய்க் கசிவு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்ற திட்டத்தையும், செலவை ஏற்கும் பண வசதி இருக்கிறது என்ற சான்றையும் மாநிலத்திடம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். பனாமாவில் இருந்து கிளம்பிய பிறகு செய்கிற வேலை இல்லை இது. காப்பீட்டு நிறுவனம், கசிவைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர், ஏஜென்ட் என்று மூன்று தரப்பு கையெழுத்து சேர வேண்டும். கழிவுநீர் விஷயத்திலும் கவனம் வேண்டும். 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கடலோடிக் கப்பல்கள், தொட்டியில் பிடித்து வைக்க இடம் இருக்கும்போது, மாநிலக் கடல் எல்லைக்குள் கழிவுநீரை விடக்கூடாது. சுத்திகரித்ததையும் சேர்த்துத்தான். 2012இல் இருந்து இந்த விதி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மாவட்டங்கள் படகுகள் மேல் சொத்து வரி போடுகின்றன, அதற்கான கணக்கு நாள் ஜனவரி 1. நீங்கள் வசந்த காலத்தில் சான் டியாகோவைத் தொட்டுவிட்டு வடக்கே போகிறவர்கள் என்பதால் அது உங்களைத் தொடாது. திரும்பும் வழியில் குளிர்காலத்துக்கு அங்கேயே கட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் அப்போது யோசியுங்கள்.

சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இங்கே உபயோக வரிக்கு ஃப்ளோரிடா மாதிரி உச்சவரம்பு இல்லை. மாநிலத்தின் பங்கு மட்டும் 6.5 சதவீதம், அதன் மேல் உள்ளூர் வரி சேரும். படகின் மதிப்பு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால் மாநிலப் பங்கே 13 லட்சம் டாலர். அது போக வருடா வருடம் படகு மதிப்பில் அரை சதவீதம் எக்சைஸ் வரி. பர்மிட் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் கேள்வியை மாற்றிக்கொள்வார்கள். பர்மிட் என்பது இந்த வரிக்குள் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு, அவ்வளவுதான்.

ஏற்பாடு இப்படி. வெளியூர்ப் படகு, செல்லுபடியாகும் க்ரூயிசிங் லைசென்ஸோ தன் ஊர்ப் பதிவோ இருந்தால், முதல் 60 நாள் எதுவும் வாங்காமல் இருக்கலாம். 61ஆம் நாளுக்குள் வெளியூர்ப் படகு பர்மிட் வாங்கியிருக்க வேண்டும். எந்த ஒரு தொடர்ச்சியான 12 மாதத்திலும் மொத்தத் தங்கல் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. படகு ஒரு தனி மனிதரின் பெயரில் இருந்தால் பர்மிட்டுக்குச் சில பத்து டாலர்தான், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று தருவார்கள். கம்பெனியின் பெயரிலோ, எல்எல்சி என்ற வகைக் கம்பெனியின் பெயரிலோ, டிரஸ்டின் பெயரிலோ இருந்தால் வேறு பர்மிட். அதற்கு அடிக்கு இவ்வளவு என்று கட்டணம், படகு நீளமாக நீளமாக அடிக்கான விலையும் ஏறும். 48 மீட்டர் என்றால் ஏறத்தாழ 158 அடி. சில ஆயிரம் டாலர் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பர்மிட்டை 2015இல் கொண்டுவந்ததே உங்கள் மாதிரிப் படகுகளுக்காகத்தான். அதற்கு முன் கம்பெனிப் படகுகள் 60 நாள் நெருங்கினதும் கனடா பக்கம் ஓடிவிடும், இங்கே இருக்கும் யார்டுகளும் மரினாக்களும் (படகு கட்டும் துறைகள்) வருமானத்தை இழக்கும். கம்பெனி பர்மிட்டுக்கு ஒரு முக்கிய நிபந்தனை உண்டு: அந்தக் கம்பெனியின் பின்னால் இருக்கும் உரிமையாளர்களில் வாஷிங்டன்வாசி ஒருவரும் இருக்கக் கூடாது. இதைக் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் முதலாளி ஐரோப்பியர் என்கிறீர்கள், ஆனால் கம்பெனியில் அவர் மட்டும்தானா என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாத விஷயம். உரிமைப் பத்திரத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்று முதலில் சொன்ன இடம் இதுதான், இதை வக்கீலிடம் விடுங்கள்.

நாள் எண்ணுவதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். மே 12 அன்று வாஷிங்டனின் போர்ட் ஏஞ்சலஸில் நுழைகிறீர்கள், மே 31 அன்று கனடாவுக்குள் போகிறீர்கள். போன நாள், வந்த நாள் இரண்டையும் சேர்த்து 20 நாள் ஆயிற்று. கோடை அலாஸ்காவில் போகிறது. செப்டம்பர் 10 அன்று திரும்பி சியாட்டிலுக்கு வருகிறீர்கள். பலர் அன்றிலிருந்து புதிதாக 60 நாள் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. மே மாதத்து 20 நாளும் கணக்கில் இருக்கிறது, ஆகவே அக்டோபர் 19 உங்களுடைய 60ஆம் நாள். அக்டோபர் 20 காலையில் கையில் பர்மிட் இருக்க வேண்டும். யார்டில் ரிப்பேருக்காக மட்டுமே நிற்கும் நாட்களுக்கு விலக்கு கேட்கலாம், அதற்கு யார்டும் நீங்களும் சேர்ந்து தாக்கல் செய்யும் ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு சனிக்கிழமை முதலாளியின் மகன் நண்பர்களோடு வந்து படகை எடுத்துக்கொண்டு ஃப்ரைடே ஹார்பர் வரை போய்வந்தால், அது ரிப்பேர் நாள் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த மாதிரி உல்லாசப் பயணத்தை மறுக்கும் நிலையில் சீஃப் ஆபீசர் இல்லை என்பது எனக்கும் தெரியும். கேப்டனின் காதில் முன்பே போட்டு வைக்கலாம்.

அதனால் லாக் புக்கை இரண்டாக வையுங்கள். கப்பல் லாக் ஒன்று. அதோடு மாநிலம், நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, அதற்கான ஆதாரம் என்று ஒரு தனிப் பட்டியல். மரினா ரசீது, டீசல் பில், கனடா கஸ்டம்ஸ் கொடுக்கும் ரிப்போர்ட் நம்பர் எல்லாம் ஆதாரம்தான். வரித்துறைக்காரர் வரும்போது உங்கள் ஞாபகத்தைக் கேட்க மாட்டார், தாளைத்தான் கேட்பார். நான் பார்த்தவரை நாள் கணக்குத் தகராறு பெரும்பாலும் முடிவது ஒரு டீசல் பில்லில் இருக்கும் தேதியில்தான்.

வாஷிங்டனில் பைலட் விஷயம் ஃப்ளோரிடாவை விடச் சுமுகம். புஜெட் சவுண்டுக்குள் (சியாட்டில் இருக்கும் உள்கடல்) வரும் வெளிநாட்டுக் கொடி யாட்டுக்குப் பைலட் கட்டாயம்தான், ஆனால் சர்வதேச அளவீட்டில் 1,300 டன்னுக்கும் 200 அடி நீளத்துக்கும் மிகாத யாட்டுகள் மாநிலப் பைலட் வாரியத்திடம் மனு கொடுத்து விலக்கு வாங்கலாம். மனுவுக்குக் கட்டணம் உண்டு, இருந்தாலும் நாலைந்து முறை பைலட் ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கேப்டனுக்கு அந்தத் தண்ணீரில் முன் அனுபவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் பயணத்துக்கு மட்டும் பைலட் ஏற்று என்று நிபந்தனை போடுவதும் உண்டு, போடாமல் விடுவதும் உண்டு. அது வாரியத்தின் கையில். இரண்டு சின்ன விஷயங்கள்: புஜெட் சவுண்டு முழுவதும் 2018 மே முதல் கழிவுநீர் விடத் தடை உள்ள பகுதி, அதனால் பம்ப்-அவுட் (தொட்டியில் இருந்து கழிவுநீரை உறிஞ்சி எடுக்கும் இடம்) எங்கே என்று குறித்து வையுங்கள். அங்கேயே வாழும் கொலைத் திமிங்கிலக் கூட்டத்தில் இருந்து 1,000 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் சட்டம். விருந்தாளிகள் போட்டோவுக்காகக் கிட்டே போகச் சொல்வார்கள். போகாதீர்கள்.

அலாஸ்காவுக்குப் போகும் வழியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா குறுக்கே வரும். அது வேறு நாடு, இந்தக் கேள்விக்கு வெளியே. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அங்கே உல்லாசப் படகுக்குப் பைலட் கட்டாயமாவது 500 கிராஸ் டன்னில். உங்கள் 490 டன் அதற்குக் கீழே இருப்பது தற்செயல் இல்லை. உலகம் முழுக்க யாட் கட்டுகிறவர்கள் 499ஐத் தாண்டாமல் கட்டுவதற்கு இந்த மாதிரி எல்லைக்கோடுகள்தான் காரணம்.

அலாஸ்காவில் எல்லாவற்றுக்கும் முன்னால் பைலட் விலக்கு. 65 அடி வரை உள்ள வெளிநாட்டு உல்லாசப் படகுக்குப் பைலட் வேண்டாம். 65 அடிக்கு மேல் 175 அடி வரை என்றால் மாநிலத்திடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் நீளம் என்றால் எல்லா இடத்திலும் பைலட்தான், பல வாரக் கோடைக்கு அது பெரும் செலவு. 158 அடி என்பதால் நீங்கள் விலக்குக்குள் வருகிறீர்கள். விண்ணப்பம், மாநில நீருக்குள் நுழைவதற்கு 30 நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், உள்ளூர் ஏஜென்ட் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். விலக்கு கிடைத்தாலும் முழு விடுதலை இல்லை. உள்ளே நுழையும் பைலட் ஏறும் இடத்தில் இருந்து முதல் துறைமுகம் வரை பைலட் ஏற்ற வேண்டும், தெற்கில் இருந்து வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கெச்சிகன். ராங்கல் நேரோஸ் என்ற கால்வாயிலும் பைலட் வேண்டும். மிட்காஃப் தீவுக்கும் குப்ரியனாஃப் தீவுக்கும் நடுவில் இருபது மைலுக்கு மேல் வளைந்து வளைந்து போகும் குறுகலான வழி அது. அறுபதுக்கு மேல் மிதவைகளும் விளக்குகளும் இருக்கின்றன, இரவில் பார்த்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். இரு முனையில் இருந்தும் ஏறும் ஓதம் நடுவில் வந்து முட்டும். அங்கே பைலட் கேட்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது, கலிஃபோர்னியாவில் சொன்ன அதே எண்ணெய்க் கசிவுத் திட்டம். அலாஸ்காவில் எல்லை 400 கிராஸ் ரெஜிஸ்டர் டன்னுக்கு மேல். இங்கே ஒரு சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. சட்டம் சொல்லும் டன்னும் உங்கள் சர்வதேச டன்னேஜ் சான்றிதழில் இருக்கும் டன்னும் ஒரே அளவீடு அல்ல. உங்களிடம் சர்வதேசச் சான்றிதழ் மட்டும் இருந்தால் 490 என்ற எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள், எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். கலிஃபோர்னியாவுக்குத் திட்டம் தயாரித்தவரிடமே இதையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

அலாஸ்காவில் தலைக்கு 34.50 டாலர் வரி என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது 250க்குக் குறையாத படுக்கைகள் உள்ள வணிகப் பயணிக் கப்பல்களுக்கு. உங்களுக்கு இல்லை. க்ளேசியர் பே போவதாக இருந்தால் அது தேசியப் பூங்கா, மாநிலம் இல்லை. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒரு நாளைக்கு 25 தனியார் படகுகளுக்குத்தான் இடம். பர்மிட் இலவசம், ஒரு முறைக்கு ஏழு நாள் வரை, தேதிக்கு 60 நாள் முன்பிருந்து கேட்கலாம். போனதும் அங்கே பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் ஒரு வகுப்பு உட்கார வேண்டும். ஜூலை மாத இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அறுபதாம் நாள் காலையிலேயே விண்ணப்பியுங்கள்.

முதலாளியிடம் எவ்வளவு சொல்வது? நான் ஒரே தொகை சொல்ல மாட்டேன், சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். பர்மிட், விலக்கு மனு போன்றவற்றுக்கு மொத்தமாகச் சில ஆயிரம் டாலர்தான் போகும். அதில் பெரியது வாஷிங்டனின் அடிக்கணக்குப் பர்மிட். அதைவிடப் பெரிய செலவு ஃப்ளோரிடாவிலும் அலாஸ்காவிலும் பைலட், எண்ணெய்க் கசிவு ஒப்பந்தங்கள், ஏஜென்ட் கூலி, அப்புறம் ஒவ்வொரு ஊர்த் துறைமுகமும் அடிக்கணக்கில் போடும் பெர்த் வாடகை. ஒவ்வொரு ஏஜென்டிடமும் உங்கள் நீளம், டன்னேஜ், ஆழம், உரிமையாளர் விவரம், தேதிகள் ஐந்தையும் ஒரே தாளில் அனுப்பி எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கட்டண விகிதங்கள் அடிக்கடி திருத்தப்படுபவை, போன சீசனில் வந்த நண்பர் சொன்னதை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

கடைசியாக மீன். இதற்குப் படகுக்கு பர்மிட் இல்லை, ஆளுக்கு லைசென்ஸ். தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும், ஃப்ளோரிடாவில் வாங்கியது அலாஸ்காவில் செல்லாது. அலாஸ்காவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளியாட்கள் வாங்க வேண்டும். கிங் சால்மன் பிடிக்க அதன் மேல் ஒரு ஸ்டாம்பும் உண்டு. ஒரு நாளுக்கு, மூன்று நாளுக்கு, ஏழு நாளுக்கு என்று கிடைக்கிறது, இணையத்திலேயே எடுத்துவிடலாம். சம்பளம் வாங்கும் க்ரூ, விருந்தாளிக்கு எங்கே போட வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் அது கைடு வேலையா இல்லையா என்பதில்தான் தெளிவு குறைவு. அலாஸ்காவில் மீன்பிடிக் கைடுகளுக்குத் தனி உரிமம் உண்டு, ஹாலிபட் மீனுக்குக் கைடு இருந்தால் பிடிப்பதில் ஒரு வரம்பு, இல்லாவிட்டால் வேறு வரம்பு. அதிகாரி உங்கள் டெண்டரில் (யாட்டோடு இருக்கும் சின்னப் படகு) ஏறிக் கேட்கும்போது விளக்கிக்கொண்டு நிற்பதை விட, விருந்தாளிகள் மீன் பிடிக்க ஆசைப்படும் நாளில் கெச்சிகனிலோ சிட்காவிலோ உரிமம் உள்ள ஒரு கைடை அவருடைய படகோடு அமர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.